ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு ஜோடி கையுறை
ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து ஏற்றிய வாரத்தில் ஃபிரிட்ஜ் கைப்பிடியிலேயே ஒரு ஜோடி கம்பளிக் கையுறையைத் தொங்கவிடுங்கள். அலமாரியில் மடித்து வைத்தால் அவசரத்துக்கு நினைவு வராது. குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் இந்த மருந்து நரம்புகளைக் குளிருக்கு அளவுமீறிக் கூச வைக்கிறது. தயிர்ப் பாத்திரத்தைத் தொட்டாலே விரல் நுனியில் ஷாக் அடித்ததுபோல் சுரீர் என்கிறது. ஐஸ் தண்ணீர் ஒரு வாய் குடித்தால் தொண்டை இறுகுகிறது. ஆகவே குடிநீரும் வெதுவெதுப்பாகவே இருக்கட்டும். இந்தக் கூச்சம் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும்.

பாக்ளிடாக்செல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து தரும் மரத்துப்போதலுக்கு இந்த உபாயம் பொருந்தாது. அதைத் தூண்டுவது குளிர் அல்ல. அடுத்த சுற்றுவரை மதமதப்பு நீடித்தாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, மருந்து ஏற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க வழியுண்டு. மூச்சுத் திணறினால் காத்திருக்கவே வேண்டாம்.