லண்டன் தடுப்பு முகாமில் பிள்ளை: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு செய்யக்கூடியவை

ஹீத்ரோவிலோ கட்விக்கிலோ உள்ள குடிவரவுத் தடுப்பு முகாமில் பிள்ளையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தால், யார் கையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். கதவைப் பூட்டுவது தனியார் கம்பனி. விடுவதா இல்லையா என்று முடிவெடுப்பது ஹோம் ஒபிஸ் (பிரித்தானிய உள்துறை அமைச்சு), அல்லது பிணை மனுவை விசாரிக்கும் நீதிபதி. ஹீத்ரோ முகாமை மைட்டி குழுமமும், கட்விக்கில் உள்ள புரூக் ஹவுஸை 2020 முதல் சேர்கோவும் நடத்துகின்றன. ஆகவே, "கம்பனிக்காரரோடு கதைத்து எடுத்துத் தாறன்" என்று யாராவது காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

பிள்ளையின் வட்ஸ்அப் திடீரென்று நின்றுபோகும். பதறவேண்டாம். கமராப் போனை வாங்கி வைத்துவிட்டுப் பொத்தான் போன் ஒன்று கொடுப்பார்கள். முதல் அழைப்பிலேயே புது நம்பர், முகாமின் பெயர், ஹோம் ஒபிஸ் இலக்கம் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். அந்த இலக்கம் இல்லாமல் சட்டத்தரணி கோப்பைத் தேடுவது கஷ்டம்.

அடுத்தது வைத்தியர். முகாமுக்குள் வந்து 24 மணித்தியாலத்துக்குள் பரிசோதனை நடக்கவேண்டும் என்கிறது பிரித்தானியத் தடுப்பு முகாம் விதிகளின் 34ஆம் விதி. இங்கேதான் எங்கள் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். வெட்கத்தில் "நித்திரை வருகுதில்லை" என்று மட்டும் சொல்லி, பனடோலோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். சித்திரவதை நடந்திருந்தால் அதை வாய் திறந்து சொல்லவேண்டும். எங்கே, எந்த ஆண்டு, எதனால் வந்த தழும்பு என்று காட்டவேண்டும். அப்போதுதான் விதி 35இன் கீழ் அறிக்கை எழுதப்படும். அந்த அறிக்கை போனால் ஹோம் ஒபிஸ் தடுப்பை மீளப் பரிசீலிக்கவேண்டும். இந்தப் பாதுகாப்பு ஒழுங்காக நடக்கவில்லை என்று புரூக் ஹவுஸில் தடுப்பாளிகள் மோசமாக நடத்தப்பட்டது பற்றிய பொது விசாரணை 2023 செப்டெம்பரில் வெளிப்படையாகவே சொன்னது. ஆகவே ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருக்காமல், எழுத்தில் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்கள் இங்கிருந்து அனுப்பவேண்டியவை: செஞ்சிலுவைச் சங்க அட்டை, ஆஸ்பத்திரித் துண்டு, மனித உரிமை ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கலரில் ஸ்கான் பண்ணி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நேற்று வாங்கிய விதானையார் கடிதம் மட்டும் போதாது. பொய்க் கடிதம் ஒன்று பிடிபட்டால் உண்மையான பத்திரமும் நம்பப்படாது.

சட்டத்தரணியோடு 30 நிமிட இலவச ஆலோசனை உண்டு. முகாமுக்குள்ளேயே பெயர் பதியலாம். பிணைக்கு பி1 படிவம், கட்டணம் இல்லை. தங்குவதற்கு ஒரு முகவரி வேண்டும். பொறுப்பு நிற்கும் சித்தப்பாவோ மாமியோ கடவுச்சீட்டு, வங்கிக் கூற்று, சம்பளத் துண்டு எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். முகவரி சரிவராமல் அவசரப்பட்டுப் பிணை மனுப் போடுவது பெரிய பிழை. மறுத்தால், நிலைமையில் முக்கிய மாற்றம் இல்லாமல் 28 நாளுக்குள் திரும்பப் போடும் மனு நேர்விசாரணை இல்லாமலே முடிந்துவிடும்.

முகாமுக்குள் ஆள் குறைவும் நெரிசலும் ஏன்? ஒப்பந்தக் காசில் செலவு போக மிஞ்சுவது கம்பனிக்கு. செலவில் பெரிய பங்கு ஊழியர் சம்பளம்; ஆகவே ஆளைக் குறைத்தால் மிச்சம் கூடும். துப்புரவும் சமையலறை வேலையும் செய்யும் தடுப்பாளிக்கு மணிக்கு 1 பவுண்; விருப்பம் இல்லாவிட்டால் செய்யத் தேவையில்லை. புரூக் ஹவுஸை முன்னர் நடத்திய ஜி4எஸ் 2012 முதல் 2018 வரை 1 கோடி 43 இலட்சம் பவுண் மொத்த இலாபம் எடுத்ததாகப் பிரித்தானியத் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2019இல் எழுதியது. 2017இல் அங்கே இருவர் அறைகளில் மூன்றாவது கட்டில் போட்டு 60 இடம் கூட்டினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை நடந்தவற்றைத்தான் மேலே சொன்ன புரூக் ஹவுஸ் விசாரணை ஆராய்ந்தது.

கம்பனியின் குறை பதிவில் ஏறினால்தான் அதற்குக் கொடுக்கும் ஒப்பந்தக் காசில் வெட்ட முடியும். வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போய்விடும். டிசிஎஃப் 9 என்ற முறைப்பாட்டுப் படிவத்தில் திகதி, நேரம், அதிகாரியின் பெயர், நடந்த இடம் எழுதி, "கமராப் பதிவை அழிக்காமல் வைக்கவும்" என்று ஒரு வரி சேர்த்துப் பெட்டிக்குள் போடவேண்டும். போடுமுன் பிரதி எடுத்துச் சட்டத்தரணிக்குக் கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் சிறைச்சாலைகளுக்கான ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) போகலாம்.

"விரும்பித் திரும்புகிறேன்" என்ற தாளைச் சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். பயணத் திகதி போட்ட கடிதம் வந்தால் எந்த நேரமானாலும் அன்றே சட்டத்தரணிக்குச் சொல்லவேண்டும். விடியட்டும் என்று பார்க்கவேண்டாம்.