மண் ஓடுதளத்துக்கு எந்தக் குட்டி விமானம்?

சின்ன விமானம் வாங்க நினைப்பவர்கள் எத்தனை சீட், எவ்வளவு வேகம், என்ன விலை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மண் தளங்களுக்கு ஓட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் தளத்தைப் பாருங்கள். நீங்கள் இறங்க வேண்டியவற்றிலேயே மோசமான தளம் எது, மழை பெய்த மறுநாள் அது எப்படிக் கிடக்கும், மதியம் 2 மணி வெயிலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து கிளம்ப முடியுமா? இதற்குப் பதில் தெரிந்த பிறகு விமானத்தைத் தேடலாம்.

கென்யாவையே எடுத்துக்கொள்வோம். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் சுமார் 45 நிமிடம். அங்கே கீகோரோக், ஓல் கியோம்போ, கிச்வா டெம்போ என்று தளங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் நாலு பேரை இறக்கி, ஐந்து பத்து நிமிடம் பறந்து அடுத்ததில் மூன்று பேரை ஏற்றி, டவுன் பஸ் மாதிரி விமானம் போய்க்கொண்டே இருக்கும். எல்லாமே கடல் மட்டத்திலிருந்து 5,000 அடி வாக்கில் இருப்பவை, அதற்கு மேலும் உண்டு. வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலிந்துவிடும். 5,000 அடியில் 30 டிகிரி அடித்தால் விமானத்தைப் பொறுத்தவரை அது 8,000 அடி உயரத்துக்குச் சமம்.

இதை மீட்டரில் போட்டுப் பாருங்கள். பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களுக்குச் சொல்லும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. கிளம்பத் தேவையான தூரம் 1,000 அடி உயரத்துக்கு 10 சதவீதம் கூடும், அந்த உயரத்துக்கான நிலையான வெப்பநிலையைவிட (5,000 அடியில் அது 5 டிகிரி) 10 டிகிரி கூடினால் 10 சதவீதம், காய்ந்த புல்லுக்கு 20 சதவீதம், கடைசியில் பாதுகாப்புக்காக 1.33 மடங்கு, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும். கடல் மட்டத்தில் 500 மீட்டரில் கிளம்பும் விமானத்துக்கு அதே 5,000 அடியில், 30 டிகிரியில், காய்ந்த புல்லில் இந்தக் கணக்குப்படி 1,600 மீட்டருக்கு மேல் வேண்டும். இறுதி முடிவுக்கு அந்தந்த விமானத்தின் கையேட்டு அட்டவணைதான் செல்லும், ஆனால் விற்பவர் சொல்லும் எண்ணை ஏன் அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும். மாராவில் கரிசல் மண்ணும் உண்டு, நனைந்தால் அது சக்கரத்தை எப்படிப் பிடிக்கும் என்று நம் ஊர்க் கரிசல் காட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்து எடை. அந்த வட்டாரத்தில் அதிகம் பறக்கும் செஸ்னா கிராண்ட் கேரவன், அதன் இஎக்ஸ் ரகம், எரிபொருள், ஆட்கள், மூட்டை எல்லாம் சேர்த்துச் சுமார் 1,600 கிலோ தூக்கும். 12 பயணிகள், ஆளுக்கு 80 கிலோ, மெத்தென்ற பையில் 15 கிலோ, பைலட் 85 என்று வைத்தால் 1,225 ஆகிவிடுகிறது. மிச்சம் 375 கிலோவுக்குச் சுமார் 470 லிட்டர்தான் ஊற்ற முடியும். மணிக்கு 200 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும் இன்ஜின், அதனால் போகவர, நடுவில் இரண்டு தளம், அவசர இருப்பு என்றால் இழுபறிதான். பத்து பேரோடு நிறுத்திக்கொண்டால் 700 லிட்டர் ஊற்றலாம், மூன்று மணி நேரம் நிம்மதி. ஆகவே 12 சீட் இருந்தாலும் வரவு செலவை 10 சீட்டுக்குப் போடுங்கள்.

வேகத்துக்காகக் காசைக் கொட்ட வேண்டாம். பிலாட்டஸ் பிசி-12 அருமையான விமானம், ஆஸ்திரேலியாவின் 'பறக்கும் மருத்துவர்' சேவைக்காரர்கள் அதை மண் தளங்களிலேயே இறக்குகிறார்கள், ஆனால் அங்கே தூரம் அதிகம். 60 கடல் மைல் தாவலில் கேரவனைவிட அது மிச்சம் பிடிப்பது ஆறேழு நிமிடம். அதற்காக உள்ளிழுக்கும் சக்கரத்தையும் அழுத்தம் ஏற்றும் கேபினையும் பராமரிக்க வேண்டுமா? குட்டைத் தாவலுக்கு நிலையான சக்கரம், மேலே இறக்கை, பெரிய டயர், இதுதான் சரி. இறக்கை மேலே இருந்தால் கல்லும் புதரும் அதை அவ்வளவாகத் தொடாது, பயணிகளுக்கும் கீழே யானை தெரியும்.

தளம் ரொம்பக் குட்டை, ஆளும் குறைவு என்றால் கோடியாக் 100 பாருங்கள், கடல் மட்டத்தில் 300 மீட்டருக்குள் தரையை விட்டுவிடும். 19 பேர் வரை தினமும் நிச்சயமாக வருவார்கள் என்றால் ட்வின் ஓட்டர், ஆனால் இரண்டு இன்ஜின் செலவையும் இரண்டு பைலட் சம்பளத்தையும் தாங்க வேண்டும். செஸ்னா 206, ஏர்வேன், ஐலண்டர் போன்ற பிஸ்டன் விமானங்கள் வாங்க மலிவு. அவற்றுக்கு அவ்காஸ் என்னும் விமானப் பெட்ரோல் வேண்டும், அது எல்லா இடத்திலும் கிடைக்காது. ஐலண்டரில் இரண்டு இன்ஜின் இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள், முழு எடையில் அந்த உயரத்தில், அந்த வெயிலில் ஒன்று நின்றால் மற்றொன்றை நம்பி மேலே ஏற முடியாது.

பழைய விமானம் வாங்குவதாக இருந்தால் தரையில் குனிந்து பாருங்கள். புரொப்பெல்லரின் முன் விளிம்பை விரலால் தடவினால் கல் கடித்த பள்ளம் தட்டுப்படும். இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃபிளாப்பின் அடிப்பக்கம், வால் இறக்கையின் முன்பக்கம், முன் சக்கரக் கால் எல்லாவற்றையும் பாருங்கள். தூசியை இன்ஜினுக்குள் விடாமல் திருப்பிவிடும் செப்பரேட்டர் கைப்பிடி சுலபமாக நகர்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். அப்புறம் லாக் புத்தகம். பறந்த மணி நேரத்தை மட்டும் காட்டுவார்கள், இன்ஜின் எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது, விமானம் எத்தனை முறை இறங்கியது என்று கேளுங்கள். குட்டைத் தாவல் விமானத்தில் மணி நேரம் குறைவாகவும் இந்த எண்ணிக்கை மிக அதிகமாகவும் இருக்கும், டர்பைனின் சில பாகங்களுக்கு ஆயுளே இந்த எண்ணிக்கையில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கங்களைத் தர மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.