இடைக்கால ஆங்கிலக் குடும்பத்தின் வேரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் உள்ள வம்சாவளி மரங்களில் பழைய ஆங்கிலக் குடும்பம் ஒன்றைப் பிடித்து மேலே போய்ப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே, 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மண்டி ஆட்சியாளர் வில்லியமோடு பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்த நார்மன் வீரர் ஒருவரிடம் போய் நிற்பீர்கள். பெயர், மனைவி, பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் கச்சிதமாக இருக்கும். சந்தேகப்பட வேண்டியது அந்தக் கச்சிதத்தைத்தான். இங்கிலாந்தில் ஊர்த் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத ஆரம்பித்ததே 1538இல்தான். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவு அது. அதற்கு முன் ஒரு குழந்தை எந்த நாளில் பிறந்தது என்று குறித்துவைக்கும் கடமை யாருக்கும் இல்லை. '12 மார்ச் 1342 பிறப்பு' என்று எங்காவது பார்த்தால், அந்தத் தேதி எங்கிருந்து கிடைத்தது என்று கேளுங்கள். அநேகமாக இன்னொருவருடைய மரத்திலிருந்து எடுத்ததாக இருக்கும்.

அந்த நார்மன் வீரர் கதையும் அப்படித்தான். இங்கிலாந்தை வென்றுகொடுத்த ஹேஸ்டிங்ஸ் போரில் வில்லியமின் பக்கம் இருந்தவர்கள் என்று நம்பகமான பழைய சான்றுகளைக் கொண்டு பெயர் சொல்லக்கூடியவர்கள் சுமார் இருபது பேர்தான். வில்லியமோடு வந்தவர்கள் என்று சொல்லப்படும் 'பேட்டில் ஆபி ரோல்' என்ற பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் உண்டு. ஆனால் அதன் மூலப்பிரதி இன்று இல்லை. கைவசம் இருப்பவை பிற்காலப் பிரதிகள். அவற்றில் பல குடும்பங்களின் பெயர்கள் இடையில் நுழைந்திருக்கின்றன.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் குறையும். இடைக்கால ஆவணங்கள் நிலத்துக்காகவும் வரிக்காகவும் வழக்குக்காகவும் எழுதப்பட்டவை. யார் யாருக்குப் பிள்ளை என்ற செய்தி போகிற போக்கில்தான் அதில் வந்து விழும். எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும், இதை யார், யாரிடம், என்ன காரியம் ஆவதற்காக எழுதினார்கள் என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

மேலிருந்து இறங்கி வருவது

புகழ்பெற்ற மூதாதையர் ஒருவரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அவரிடமிருந்து நம் ஆள் வரைக்கும் வழி தேடுவது மிகப் பழைய தவறு. இடையில் ஒரு தலைமுறையில் சான்று அறுந்துபோகும். அங்கே 'இவராகத்தான் இருக்கும்' என்று யாரையாவது பிடித்து உட்கார வைத்துவிடுவோம். தெரிந்த தலைமுறையில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்றோடு மேலே ஏற வேண்டும். சான்று நிற்கிற இடத்தில் நாமும் நிற்க வேண்டியதுதான்.

இந்த ஆசையை இணையம் கிளப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நார்ஃபோக் கவுண்டியின் பாஸ்டன் குடும்பத்தைப் பாருங்கள். (அமெரிக்க நகரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது ஒரு கடலோரக் கிராமத்தின் பெயர்.) 15ஆம் நூற்றாண்டில் இவர்கள் எழுதிய கடிதங்கள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்ததால் வரலாற்றாளர்களுக்கு இந்தக் குடும்பம் மிகவும் பழக்கமானது. 1466இல் மன்னர் நான்காம் எட்வர்ட், பாஸ்டன்கள் நார்மன் வெற்றிக் காலத்திலிருந்தே உயர்குடியினர் என்று அறிவித்தார். குடும்பத்தார் பழைய பத்திரங்களையும் மேனர் (பிரபுவின் பண்ணை) நீதிமன்றப் பதிவுச் சுருள்களையும் காட்டினார்களாம். பிரான்சிலிருந்து வந்த வுல்ஸ்டன் என்பவர்தான் குடும்பத்தின் மூலவராம். வுல்ஸ்டன் என்பது அக்மார்க் ஆங்கிலோ-சாக்சன் பெயர். அதை வைத்துக்கொண்டு ஒருவர் பிரான்சிலிருந்து கப்பல் ஏறி வந்தார் என்பதே சிரிப்பாக இருக்கிறது.

அதே குடும்பத்தைப் பற்றி எதிராளி ஒருவர் எழுதிய குறிப்பும் கிடைத்திருக்கிறது. அதன்படி க்ளெமன்ட் பாஸ்டன் என்பவர் சாதாரண விவசாயி. சேணம் இல்லாத குதிரையில் தானிய மூட்டையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஆலைக்கு அரைக்கப் போனவர். விளைந்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு விண்டர்டன் வரை போய் விற்றவர். அவருக்கு இருந்தது அதிகம் போனால் 100, 120 ஏக்கர். அதிலும் பெரும்பகுதி அடிமைக் குத்தகை நிலம். மனைவி பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடியில் பிறந்தவர். கடன் வாங்கித்தான் மகன் வில்லியமைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்த வில்லியம் சட்டம் படித்து நீதிபதியாகி, நிலமாக வாங்கிக் குவித்தார்.

எதை நம்புவது? முத்திரையிட்ட அரச அறிவிப்பையா, பகையாளியின் வசைக்குறிப்பையா? இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரண்டாவதுதான் உண்மைக்குக் கிட்ட இருப்பதாக நினைக்கிறார்கள். 1460களில், இறந்துபோன பணக்கார வீரர் சர் ஜான் ஃபாஸ்டால்ஃபின் சொத்து பாஸ்டன்களுக்குச் சேருமா என்று பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடி என்று நிரூபணமானால் சொத்தே கையைவிட்டுப் போகும். அந்த நெருக்கடியில் பிறந்த வம்சாவளி அது. அதற்காக எதிராளி சொன்னதெல்லாம் வேதவாக்கு இல்லை; அவருக்கும் ஆதாயம் இருந்தது. ஆனால் வண்டி, ஆலை, ஏக்கர் கணக்கு போன்றவை அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்த விஷயங்கள். அவற்றில் பொய் சொன்னால் எளிதில் மாட்டிக்கொள்வார்.

நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் பிறந்த குடும்பமும் இதற்குச் சளைத்ததல்ல. டென்பி பிரபுக்களான இவர்கள் ஐரோப்பாவின் ஹப்ஸ்பர்க் அரச வம்சத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். வரலாற்றாசிரியர் கிப்பன்கூட அதை நம்பினார். ஆதாரமாகக் காட்டிய சாசனங்கள் பிற்காலப் போலி என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வம்சாவளி ஆய்வாளர் ஜே. ஹெச். ரவுண்ட் போட்டு உடைத்தார்.

பெயர் ஒன்று என்றால் ஆளும் ஒன்று என்று நினைப்பது

பாஸ்டன்களிடமே இன்னொரு பாடம் இருக்கிறது. 1466இல் இறந்த ஜான் பாஸ்டனின் மகன்களில் மூத்த இருவர் பெயரும் ஜான்! மூத்தவர் 1442இல் பிறந்தவர், அடுத்தவர் அவருக்கு இரண்டு வயது இளையவர். அப்பா இருந்தவரை ஒரே வீட்டில் மூன்று ஜான் பாஸ்டன்கள். ஞானத்தந்தையின் பெயரைக் குழந்தைக்கு வைக்கும் வழக்கம் இருந்ததால் இப்படி அடிக்கடி நடந்தது. ஒரு ஜான் 1420இல் இருக்கிறார், 1490லும் இருக்கிறார் என்றால் ஒரே ஆள் எழுபது வருஷம் வாழ்ந்தார் என்று முடிவுகட்டாதீர்கள். 'இளையவர்' என்ற அடைமொழியும் ஒரே ஆளிடம் நிற்காது; மூத்தவர் இறந்ததும் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த அடைமொழி வந்தாலே அப்பா-மகன் என்றும் அர்த்தமில்லை. சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம். உறவே இல்லாத இரண்டு ஊர்க்காரர்களாகவும் இருக்கலாம்.

குடும்பப் பெயரை நம்பி ஏறுவது இதைவிட ஆபத்து. நெவில் என்றதும் நார்மன் வம்சம் என்று தோன்றும். ஆனால் ரேபி ஊரின் நெவில்கள் தந்தைவழியில் ராபர்ட் ஃபிட்ஸ் மால்ட்ரெட் என்ற வடநாட்டு உள்ளூர்ப் பிரபுவின் வாரிசுகள். அவர் இசபெல் டி நெவிலைத் திருமணம் செய்தார்; நெவில் சொத்து அந்தப் பெண் வழியாக வந்தது; மகன் அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். பெர்சி குடும்பத்திலும் இதே கதைதான். லூவேன் ஊரின் ஜாஸ்லின், ஆக்னஸ் டி பெர்சியை மணந்தார். பிள்ளைகள் பெர்சி ஆனார்கள். சொத்து எந்தப் பக்கமோ பெயரும் அந்தப் பக்கம். சாதாரண மக்களிடம் 13ஆம் நூற்றாண்டில் பெயர் இன்னும் நிலைக்கவே இல்லை. அண்ணனுக்குத் தொழிலால் ஒரு பெயர், தம்பிக்கு ஊரால் ஒரு பெயர் என்று இருக்கும். 'டி சட்டன்' என்று வந்தால் எந்த சட்டன் என்று பார்க்க வேண்டும். அந்தப் பெயரில் இங்கிலாந்தில் எண்ணற்ற ஊர்கள் உண்டு.

தேதியைச் சரிபார்க்காமல் மாற்றுவது

இடைக்கால ஆவணங்களில் பெரும்பாலும் மன்னரின் ஆட்சியாண்டும் ஒரு புனிதர் திருநாளும்தான் இருக்கும். மூன்றாம் எட்வர்டின் முதல் ஆண்டு 1327 ஜனவரி 25இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் பிப்ரவரி 10 நம் கணக்கில் 1327. ஆனால் அன்றைய இங்கிலாந்தில் புது வருஷம் பிறந்தது மார்ச் 25இல். ஆகவே அன்றைய எழுத்தர் கிறிஸ்து ஆண்டைக் குறித்திருந்தால் 1326 என்றுதான் எழுதியிருப்பார். இது தெரியாமல் அப்பா இறப்பதற்கு முன்பே மகனுக்குச் சொத்து வந்துவிட்டதாகப் பதறுபவர்கள் உண்டு.

ஜான் மன்னர் காலத்தில் இன்னும் சிக்கல். அவருடைய ஆட்சியாண்டு கிறிஸ்துவின் விண்ணேற்றத் திருநாளில் தொடங்கும். அந்தத் திருநாள் ஈஸ்டரோடு நகரும். அவருடைய மூன்றாம் ஆண்டு 1201 மே 3 முதல் 1202 மே 22 வரை ஓடியது. அப்படியானால் 'ஜான் மன்னரின் மூன்றாம் ஆண்டு, மே 10' என்பது 1201ஆ, 1202ஆ? இரண்டும் பொருந்தும். உள்ளே வேறு குறிப்பு இல்லாவிட்டால் இரண்டையும் எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

வாரிசு விசாரணையை முழுதாக நம்புவது

மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், எஸ்சீட்டர் என்ற அரச அதிகாரி உள்ளூர் ஆட்களைச் சத்தியம் செய்ய வைத்து விசாரிப்பார். என்ன நிலம், யாரிடமிருந்து பெற்றது, எந்த நாளில் இறந்தார், வாரிசு யார், என்ன வயது? 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான இந்த விசாரணைகள் வம்சாவளி தேடுபவருக்குப் பெரிய வரப்பிரசாதம். ஆனால் இவையும் காசுக்காக நடந்தவை. வாரிசு மைனர் என்றால் நிலத்தின் வருமானமும் அவரைத் திருமணம் செய்துவைக்கும் உரிமையும் மன்னருக்குப் போகும். ஆகவே அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டியது ஆண் வாரிசு 21ஐத் தாண்டினாரா என்பது மட்டுமே. தாண்டிவிட்டார் என்றால் '30 வயதும் அதற்கு மேலும்' என்று குத்துமதிப்பாக எழுதிவிடுவார்கள். ஒரே வாரிசுக்கு ஒவ்வொரு கவுண்டி விசாரணையிலும் ஒவ்வொரு வயது இருக்கும். அந்த வயதைக் கழித்துப் பிறந்த வருஷம் கண்டுபிடித்து, அதைத் தீர்மானமாக எழுதுவது தவறு.

மைனர் வயதுக்கு வந்ததும் வயதை நிரூபிக்கத் தனி விசாரணை நடக்கும். அதில் சாட்சிகள் சொல்வது படிக்கச் சுவாரசியமாக இருக்கும். 'அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்றுதான் என் வீடு தீப்பிடித்தது', 'அன்றைக்குத்தான் குதிரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன்' என்ற வகை. ஆனால் வெவ்வேறு விசாரணைகளில் அதே விபத்துகள் அதே வரிசையில் வார்த்தை மாறாமல் வருவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். எழுத்தர் பழைய தாளைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்! பிறந்த நாள் சரியாக இருக்கலாம். உடைந்த கால்தான் சந்தேகம்.

இல்லாத சண்டை, எழுதாத பிள்ளை

1195 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கும் 'ஃபீட் ஆஃப் ஃபைன்ஸ்' என்ற நிலப் பத்திரங்களில் ஒருவர் இன்னொருவர்மேல் வழக்குப் போட்டு, பிறகு சமரசம் ஆனதாக இருக்கும். ஒரே தோலில் மூன்று பிரதி எழுதி வளைவாக வெட்டி, கீழ்ப்பகுதியை நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். பலர் இதைக் குடும்பச் சண்டை என்று படித்து ஒரு கதையே கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது நிலத்தை விற்க அல்லது குடும்பத்துக்குள் எழுதிவைக்கப் பேசிவைத்துப் போட்ட வழக்கு.

உயிலில் பெயர் இல்லாத பிள்ளையை இல்லாத பிள்ளை என்று நினைப்பதும் அதே மாதிரிதான். 1540 வரை பொதுச் சட்டப்படி நிலத்தை உயிலில் எழுதிவைக்க முடியாது. நிலம் எப்படியும் மூத்த மகனுக்குப் போய்விடும் என்பதால் அவர் பெயரே வராமல், மகளுக்கு ஒரு வெள்ளிக் கோப்பையும் தேவாலயத்துக்கு மெழுகுவர்த்திக் காசும் மட்டும் இருக்கலாம். உயிலில் வரும் மனைவியை எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மா ஆக்கிவிடாதீர்கள். அவர் இரண்டாவது, மூன்றாவது மனைவியாக இருக்கலாம்.

சின்னத்தை வைத்து உறவு சொல்வது

கேடயச் சின்னம் ஒன்றாக இருந்தால் குடும்பமும் ஒன்று என்ற நம்பிக்கைக்கு ஸ்குரோப்–குரோவனர் வழக்கு ஒன்றே பதில். நீலப் பின்னணியில் பொன்னிறப் பட்டை. இதை யார்க்‌ஷரின் ஸ்குரோப், செஷரின் குரோவனர் இருவருமே தாங்கினார்கள். கார்ன்வாலின் கார்மினோ குடும்பமும் அதையே வைத்திருந்தது. மூன்றும் தனித்தனிக் குடும்பங்கள். 1385இல் தொடங்கிய வழக்கு 1390இல் ஸ்குரோப் பக்கம் முடிந்தது. 1386இல் சாட்சி சொன்னவர்களில் கவிஞர் ஜெஃப்ரி சாஸரும் ஒருவர். அவர் சொன்ன வயது 'நாற்பதும் அதற்கு மேலும்'. அவர் பிறந்த வருஷம் இன்றைக்கும் உறுதியாகத் தெரியாததற்கு இது ஒரு காரணம்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் கேடயச் சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரிகள் கவுண்டி கவுண்டியாகச் சுற்றிக் குறித்துவந்த வம்சாவளிகள் அச்சில் கிடைக்கின்றன. தாத்தா, கொள்ளுத்தாத்தா வரைக்கும் அவை பெரும்பாலும் பரவாயில்லை. அதற்கு மேலே போவது வீட்டுக்காரர் சொன்ன கதை. அச்சிட்ட நூல்களில் பலவும் மூலத்தைப் பார்த்து வந்தவையும் அல்ல. இடையில் யார் யாரோ சேர்த்தெழுதிய பிரதிகளிலிருந்து வந்தவை.

சொந்த நிலமில்லாத, பிரபுக்கள் அல்லாத குடும்பங்களைத் தேட முடியாது என்று விட்டுவிடுவதும் தவறுதான். மேனர் நீதிமன்றச் சுருள்கள் இருக்கின்றன. வேக்ஃபீல்ட் மேனரின் சுருள்கள் 1274இலிருந்து கிடைக்கின்றன. குடியானவர் இறந்தால் நல்ல மாடு ஒன்று பிரபுவுக்குப் போகும், மகன் பணம் கட்டி நிலத்துக்குள் நுழைவார், மகள் கல்யாணத்துக்கும் கட்டணம் உண்டு. எல்லாம் அதில் பதிவாகும். 1349 கொள்ளைநோய்க்கு அப்புறம் ஒரு பெயர் சுருளில் காணாமல் போனால் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். நல்ல கூலி தேடிப் பக்கத்து மேனருக்குப் போயிருக்கலாம், நிலம் மகள் வழியாக வேறு பெயருக்கு மாறியிருக்கலாம். எந்தச் சுருள் எங்கே இருக்கிறது என்பதற்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, இணையத்திலேயே பார்க்கலாம். அரச நீதிமன்றச் சுருள்களின் படங்களை ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலோ-அமெரிக்கச் சட்ட மரபுத் தளம் இலவசமாகப் போட்டிருக்கிறது. லத்தீனும் சுருக்கெழுத்தும் முதலில் கண்ணைக் கட்டும். அச்சில் வந்த ஆங்கிலச் சுருக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த ஊர்ப் பெயர் ஒன்றைச் சுருளில் தேடிப் பிடிப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.