மத்திய ஆஸ்திரேலியாவின் புள்ளி ஓவியங்களை வாசிக்கப் பழகுவோம்

ஆஸ்திரேலியப் பாலைவனப் பூர்வகுடிகளின் ஓவியங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அவை அழகான சேலை முந்தானை போலத்தான் தெரிந்தன. வட்டம், வளைவு, ஆயிரக்கணக்கில் புள்ளி. அவை நிலத்தையும், அந்த நிலத்தில் நடந்ததையும் சொல்லும் படங்கள் என்று பிறகுதான் புரிந்தது. வரையச் சொல்லித்தரும் பதிவு இல்லை இது. வாசிக்கச் சொல்லித்தருவது. ஏன் வரையக் கூடாது என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

தேவையானவை: ஏதாவது அருங்காட்சியகத்தின் இணையதளத்திலிருந்து தெளிவான ஓர் ஓவியப் படம், அதன் குறிப்பு, ஒரு பென்சில், ஒரு தாள். குறிப்பை இப்போதே படித்துவிடாதீர்கள்.

படி 1: படத்தைத் திருப்பிப் பாருங்கள்

வானம் எங்கே, தொடுவானம் எங்கே என்று தேட வேண்டாம். இரண்டும் இருக்காது. பருந்து மேலிருந்து பார்ப்பதுபோல நிலத்தைப் பார்க்கிறோம். பல ஓவியர்கள் துணியைத் தரையில் விரித்து, சுற்றி உட்கார்ந்து நான்கு பக்கமிருந்தும் வரைகிறார்கள். மணலில் விரலால் கோடு போட்டுக் கதை சொன்ன பழக்கத்தின் நீட்சி அது. சுவரில் மாட்டும்போதுதான் மேல், கீழ் என்பதே வருகிறது. அதனால் போனில் படத்தை நான்கு பக்கமும் சுழற்றிப் பாருங்கள்.

படி 2: வட்டங்களைக் குறியுங்கள்

ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் வட்டங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவை இடங்கள்: சுனை, தங்குமிடம், அடுப்பு நெருப்பு, குன்று, சடங்கு நடக்கும் திடல். எது என்று இப்போது முடிவு செய்ய வேண்டாம். வட்டத்துக்கு என்று தனிப் பொருள் கிடையாது, பக்கத்தில் இருப்பதுதான் அதற்குப் பொருள் தரும். ‘குறியீட்டு அகராதி’ என்று இணையத்தில் சுற்றும் அட்டவணைகளை நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வட்டங்களை இணைக்கும் நேர்க்கோடு பயணப் பாதை. நெளிந்து ஓடும் இணைகோடுகள் ஓடும் தண்ணீராகவோ மழையாகவோ இருக்கலாம். தனியாக நெளியும் ஒரே கோடு பாம்பாக இருக்கலாம்.

படி 3: ஆட்களைக் கண்டுபிடியுங்கள்

குதிரை லாடம் போன்ற வளைவுகள் தெரிகின்றனவா? அவர்கள்தான் மனிதர்கள். சம்மணமிட்டு உட்கார்ந்தவர் எழுந்து போன பிறகு மணலில் பதிந்திருக்கும் அச்சு அது. ஒரு வட்டத்தைச் சுற்றி நான்கு லாடங்கள் என்றால் நெருப்பையோ சுனையையோ சுற்றி நான்கு பேர்.

ஆணா பெண்ணா? லாடத்தின் பக்கத்தில் இருக்கும் பொருளைப் பாருங்கள். நீள்வட்டமும் சிறு கோலும் இருந்தால் பெண். நீள்வட்டம் மரத்தில் குடைந்த ஏந்துதட்டு, கோல் கிழங்கு தோண்டுவது. ஈட்டியோ பூமராங்கோ இருந்தால் ஆண்.

படி 4: தடம் பிடியுங்கள்

அம்புக்குறி போன்ற மூன்று விரல் தடம் ஈமுவுடையது. பாதங்களின் நடுவே நீண்ட கோடு ஓடினால் கங்காரு, அந்தக் கோடு அது இழுத்துப்போன வால். நம் கண்ணை ஏமாற்றுவது ஈமுத் தடம்தான். அம்பு காட்டுவது பறவை வந்த பக்கத்தை. விரல்கள் விரிந்திருக்கும் எதிர்ப்பக்கம்தான் அது போகிறது. திசை தெரிந்துவிட்டால் கதை எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதும் பாதி பிடிபட்டுவிடும்.

படி 5: இப்போது குறிப்பைப் படியுங்கள்

தலைப்பு பெரும்பாலும் ஓர் ஊரின் அல்லது சுனையின் பெயராக இருக்கும். வார்ல்பிரி மக்கள் ஜுகுர்பா என்றும், பிட்ஜன்ஜாஜாரா மக்கள் ஜுகுர்ப்பா என்பதற்கு நெருக்கமான ஒலியிலும் சொல்வது அந்த இடத்தின் முன்னோர் கதை. ‘கனவுக்காலம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. தூக்கத்தில் வரும் கனவும் இல்லை, முடிந்துபோன காலமும் இல்லை. முன்னோர் நடந்து நிலத்தை உண்டாக்கியது, அங்கே இன்றும் நடக்க வேண்டிய முறை, இரண்டும் அதற்குள் அடக்கம்.

எடுத்துக்காட்டாக கிளிஃபர்ட் போசம் ஜாபல்ஜாரி 1977இல் வரைந்த ‘வார்லுகுலாங்’. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே சுமார் 300 கிலோமீட்டரில் இருக்கும் இடம் அது. லுங்கட்டா என்ற நீலநாக்கு அரணை மனிதனுக்கு இரண்டு மகன்கள். வேட்டையாடிய கங்காருவைத் தகப்பனுக்குப் பங்கு வைக்காமல் தின்றுவிட்டார்கள். கோபத்தில் அவன் வைத்த தீ காடெங்கும் பரவி மகன்களைத் துரத்திக் கொன்றது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஓவியத்தில் அந்த இரண்டு எலும்புக்கூடுகள் கண்ணில் படும். ஆனால் அதே துணியில் ஆட்களின் காலடிகளும் ஈமுத் தடங்களும் வேறு வேறு திசையில் போகும். அவை வேறு கதைகள். ஒரே நிலத்தின் மேல் பல முன்னோரின் பாதைகள் குறுக்கும் நெடுக்கும் போவதால் அவர் அவற்றை ஒன்றாக வரைந்தார். அன்று 1,200 டாலருக்கு விற்ற இது 2007 ஏலத்தில் 24 லட்சம் டாலருக்குப் போனது. இப்போது கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

ஓவியரின் பெயரையும் கவனியுங்கள். ஜாபல்ஜாரி குடும்பப் பெயர் இல்லை, உறவுமுறைப் பிரிவு. ஆணுக்கு எட்டு, பெண்ணுக்கு எட்டு. ஆண் ஜாபல்ஜாரி என்றால் அவர் சகோதரி நாபல்ஜாரி. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பிரிவுப் பெயர் வராது. யாரை மணக்கலாம், எந்தக் கதைக்கு உரிமை உண்டு என்பதெல்லாம் இதை ஒட்டித்தான்.

படி 6: புள்ளிகளைக் கடைசியில் பாருங்கள்

எல்லோரும் முதலில் பார்ப்பது புள்ளியைத்தான். ஆனால் பல ஓவியங்களில் அது கடைசியில் வருவது. உடம்பிலும் சடங்குத் தரையிலும் புள்ளி வைப்பது பழைய வழக்கம். துணி முழுக்கப் புள்ளி நிறைந்தது பிறகு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 240 கிலோமீட்டரில் இருக்கும் பாப்புன்யாவில், 1971இல் பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டனின் ஊக்கத்தில் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்புக் கதையை வரைந்தார்கள். பிறகு பலகைகளில் வரையத் தொடங்கினார்கள், 1972இல் தங்களுக்கென்று ஒரு நிறுவனமும் அமைத்துக்கொண்டார்கள். அந்த முதல் பலகைகளில் சிலவற்றில் சடங்குப் பொருட்கள் அப்படியே இருந்தன. பார்க்கக் கூடாதவர்கள் கண்ணில் இவை படலாமா என்று எதிர்ப்பு வந்தது. அதற்குப் பின் அவை மறைந்தன, புள்ளி பெருகியது. புள்ளியெல்லாம் திரை என்று சொல்லிவிடவும் முடியாது. விதையாகவும், புல்லாகவும், புகையாகவும் அது நிற்கும். எமிலி காமே உங்வாரேயின் பல ஓவியங்களில் லாடமோ தடமோ தேடினால் கிடைக்காது. அவர் பெயரில் உள்ள ‘காமே’ ஒரு கிழங்குக் கொடியின் விதை. கிட்டத்தட்ட எண்பது வயதில் துணியில் வரையத் தொடங்கிய அவர் அந்தக் கொடியையும் தன் நிலத்தையும்தான் வரைந்துகொண்டிருந்தார்.

நமக்குச் சொல்லப்படுவது வெளியாட்களுக்கான அடுக்கு மட்டுமே. அதற்குக் கீழே இருப்பதைத் தோண்ட வேண்டாம்.

படி 7: பென்சிலைக் கீழே வையுங்கள்

வார்ல்பிரி மரபில் ஒரு கதைக்குத் தந்தை வழியில் உரியவர்கள் உண்டு. அது முறைப்படி வரையப்படுகிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பு தாய்வழி உறவினருக்கு. அவர்களுக்குள்ளேயே உரிமை இல்லாதவர் அடுத்தவர் கதையை வரைவதில்லை. வியட்நாமில் நெய்த கம்பளங்களில் பூர்வகுடி ஓவியங்களை அனுமதியின்றிப் பயன்படுத்திய வழக்கில், 1994இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் சுமார் 1,88,000 டாலர் இழப்பீடு விதித்தது. காலில் மிதிபடும் பொருளில் தங்கள் கதை வந்தது அவர்களுக்கு எவ்வளவு வேதனை என்பதையும் நீதிபதி கணக்கில் எடுத்தார். வாங்குவதாக இருந்தால், ஓவியர்களே நடத்தும் கலை மையங்களில் சான்றிதழோடு வாங்குங்கள்.

பயிற்சி

ஏழு சகோதரிகள் கதையைச் சொல்லும் ஓர் ஓவியத்தைத் தேடி எடுங்கள். பிட்ஜன்ஜாஜாரா மக்கள் சொல்லும்படி, வாட்டி நிரு என்பவன் உருமாறி உருமாறி அவர்களைத் துரத்துகிறான். பெண்கள் வானத்துக்கு ஏறிவிடுகிறார்கள், அவனும் பின்னாலேயே போகிறான். ஓவியத்தில் நெருங்கி நிற்கும் ஏழைத் தேடுங்கள், பிறகு தனியாக வரும் ஒருவனை.

அந்தப் பெண்கள் நாம் கார்த்திகை என்று சொல்லும் அதே விண்மீன் கூட்டம். அவன் இருப்பது மிருகசீரிடமும் திருவாதிரையும் உள்ள ஓரியன் பக்கம். கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம் என்று வரிசையாகச் சொல்கிறோம் அல்லவா? மார்கழி இரவில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். பெண்கள் முன்னால் போக, அவன் இன்னும் பின்னால் வந்துகொண்டிருப்பான்.