மதுரைக்குக் குடிவந்தவர்களுக்கு: எந்த வேளைக்கு எந்தக் கடை

அரவிந்த் கண் மருத்துவமனையில் பெற்றோருக்குச் சிகிச்சை பார்க்க வந்து சில மாதம் தங்குகிறவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுக் கூடவே வீடு எடுத்திருப்பவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பூர்வீக ஊரைத் தேடி வந்தவர்கள் என்று மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, கனடாவிலிருந்து வரும் தமிழர்கள் மதுரையில் பலர் இருக்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: நல்ல ஓட்டல் எது? எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு அமிர்தமாகப் பரோட்டா போடும் கடையில் பகலில் போய் உட்கார்ந்தால் ஆறிப்போன சால்னாதான் (பரோட்டாவுக்கு ஊற்றும் குழம்பு) வரும். வேளையைப் பிடித்துவிட்டால், பெயர் தெரியாத கடையில்கூட நன்றாகச் சாப்பிடலாம்.

காலையிலிருந்து தொடங்குகிறேன். மேலமாசி வீதி முருகன் இட்லிக் கடை சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பழகிய பெயராகவே இருக்கும். பிறந்த இடத்தில் ஒருமுறை சாப்பிடுங்கள். இலையில் நான்கு வகைச் சட்னி வைப்பார்கள். என் கணக்கில் அங்கே தவறவிடக்கூடாதது பொடியும் நல்லெண்ணெயும். ஆனால் தினசரி இட்லிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் தெருவிலோ அடுத்த தெருவிலோ வீட்டு வாசலில் அடுப்பு வைத்து, தட்டில் ஈரத்துணி விரித்து இட்லி ஊற்றும் ஓர் அக்கா நிச்சயம் இருப்பார். காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் அங்கே போங்கள். கடை நல்லதா என்று அறிய ஒரு வழி: சட்னி தீரும் நேரத்தில் கவனியுங்கள். புதிதாக அரைத்து வருகிறார்களா, இருப்பதில் தண்ணீர் ஊற்றி நீட்டுகிறார்களா என்று பார்த்தாலே போதும். வெளிநாட்டுத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் தண்ணீர்ச் சட்னியை விலக்கிப் பொடி மட்டும் கொடுங்கள். குடிக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீர், இல்லையென்றால் கேன் தண்ணீர்.

மதிய மெஸ்

மதுரையின் மதியம் மெஸ் எனப்படும் சாப்பாட்டுக் கடைகளுடையது. தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ், சந்திரன் மெஸ், குமார் மெஸ் என்று பெயர் பெற்றவை உண்டு. பன்னிரண்டரைக்குள் போய்விடுவது நல்லது. ஒன்றரைக்கு மேல் போனால் அயிரை மீன் குழம்பு முடிந்திருக்கும், அதற்காகத்தானே போகிறோம்? அயிரை என்பது விரலளவுகூட இல்லாத ஆற்று மீன். உயிரோடு வாங்கி, வயிற்றுச் சேறு போகும்படி அலசி, முள்ளோடு முழுசாகக் குழம்பில் போடுவார்கள். விலையைப் பார்த்துத் தயங்குவீர்கள். மற்ற மீன் குழம்புகளை விடப் பல மடங்கு இருக்கும். இருந்தாலும் ஒரு கிண்ணம் வாங்கி வீட்டில் எல்லாரும் பகிர்ந்து ருசி பாருங்கள். புளியும் மண்பானையும் கூடிய அந்தச் சுவை கடல் மீனில் வராது.

மெஸ்ஸில் உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் சுக்கா, ஈரல், குடல், தலைக்கறி, மூளை, நண்டு ஆம்லெட் எல்லாவற்றையும் ஒரு பெரிய தட்டில் கிண்ணம் கிண்ணமாக அடுக்கிக் கொண்டு வந்து காட்டுவார். அவை சாப்பாட்டோடு சேர்ந்தவை என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சோறு, குழம்பு வகைகள், ரசம், மோர், கூட்டு, பொரியல்தான் சாப்பாட்டில் அடங்கும். தட்டிலிருந்து எடுத்து வைக்கும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை. வைப்பதற்கு முன்பே "இது எவ்வளவு அண்ணே?" என்று கேளுங்கள், மதுரையில் யாரும் அதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். இருவருக்கு ஒரு மட்டன் சுக்கா போதும். அம்மா மெஸ்ஸுக்குப் போனால் எலும்பு மஜ்ஜை ஆம்லெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் அன்று இரவுச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

சோற்றில் முதலில் மட்டன் குழம்பு, பிறகு கோழி, பிறகு மீன், பிறகு ரசம் என்பது நம் வழக்கம். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் எல்லாக் கறியையும் ஒரே தட்டில் சுற்றி வைத்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள். அப்படியே வேண்டுமென்றாலும் கேட்கலாம், ஊற்றுவார்கள். ஆனால் குழம்புகளைக் கலக்காமல் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டால்தான் எந்த மெஸ்ஸின் கை எந்தக் குழம்பில் இருக்கிறது என்று தெரியும்.

பிரியாணி வேண்டும் என்கிறவர்களுக்குக் கீழவெளி வீதி அம்சவல்லி பவன். சீரகச் சம்பா அரிசி, மசாலா தூக்கலாக இல்லாத சுவை. ஹலால் இறைச்சி பார்த்து வாங்குகிறவர்கள் நெல்பேட்டை, கோரிப்பாளையம், மகபூப்பாளையம் பகுதிகளில் தேடலாம். கறிக் கடையும் உணவுக் கடையும் அடுத்தடுத்து உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குக் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளும் டவுன்ஹால் ரோடும் போதும். அங்கே சுற்றுலாப் பயணிகளை நம்பியே நடக்கும் கடைகளும் கலந்திருக்கின்றன. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைக்கும் இடத்துக்குப் போக வேண்டாம்.

நாலு மணிக்கு மேல்

மதிய வெயில் தணிந்ததும் ஊர் வேறு முகம் காட்டும். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பத்தைக் காரச் சட்னியோடு சாப்பிடச் சரியான நேரம் இது. திருமலை நாயக்கர் மகால் பக்கம் சௌராஷ்டிர மக்கள் வாழும் தெருக்களில் நடந்தால் முள்ளு முருங்கை இலை அரைத்த பச்சை வடையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மேலே தூவும் பொடியின் காரம் மூக்கில் ஏறும். இந்த வடைக்காகவே நான் அந்தத் தெருக்களுக்குப் போவேன். சளி பிடித்திருந்தால் கட்டாயம் போவேன்.

ஜிகர்தண்டா பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. ஊர் முழுக்க அந்தப் பெயரில் போர்டு இருக்கிறது. பல இடங்களில் எசன்ஸும் சாயமும் கலந்த பால்தான் கிடைக்கும். விளக்குத்தூண் அருகே கீழமாரட் வீதியில் 1977 முதல் இருக்கும் ஃபேமஸ் ஜிகர்தண்டாவுக்கு முதலில் போங்கள். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி, பாசுந்தி, ஐஸ்கிரீம் எல்லாம் எந்த அளவில் சேர வேண்டும் என்று உங்கள் நாக்குக்குத் தெரிந்துவிடும். பிறகு உங்கள் தெருமுனைக் கடையை நீங்களே எடை போடலாம். அந்த விளக்குத்தூணை அடையாளமாக வைத்துக்கொண்டால் வழியும் தவறாது. கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்திருக்கின்றன. வெளி வீதிகள் தவிர மற்றவற்றில் திசையும் மாதமும் சேர்ந்ததே வீதியின் பெயர். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் ஆட்டோக்காரரிடம் வழி கேட்கத் தேவையில்லை.

பருத்திப்பால் மறந்துவிடக்கூடாது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். தள்ளுவண்டியில்தான் நன்றாக இருக்கும். வயதானவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகவே இதைக் கொடுக்கலாம். ரயில் நிலையப் பக்கம் பிரேமா விலாஸில் சுடச்சுட அல்வாவை இலையில் வாங்கி நின்றபடியே சாப்பிடுங்கள். பெட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் பாதி சுகம் போய்விடும்.

இரவுக் கடை

பரோட்டாவை ஏழு மணிக்கு மேல் சாப்பிட வேண்டும். மலேசியாவின் ரொட்டி சானாயில் பழகிய நாக்குக்கு இது முதலில் கனமாகத் தெரியும். வீசி, சுருட்டி, எண்ணெயில் சுட்டு, கல்லிலிருந்து எடுத்ததும் இரு கையாலும் தட்டி அடுக்கு அடுக்காக உதிர்ப்பார்கள். அந்தத் தட்டும் சத்தம் கேட்கும் கடையில் உட்காருங்கள். அடுக்கி வைத்த பரோட்டாவைச் சூடு காட்டித் தரும் கடையில் வேண்டாம். பிய்த்துப் போட்டுச் சால்னாவில் நன்றாக ஊற வைத்துச் சாப்பிடுவதுதான் முறை. சாத்தமங்கலம் பன் பரோட்டா உருவத்தில் சிறியது, உள்ளே பஞ்சு, வெளியே மொறுமொறுப்பு. புகழ் வந்தபின் கூட்டம் அதிகம். காத்திருக்கப் பொறுமை இருந்தால் போகலாம்.

இலங்கையிலிருந்து வருகிறவர்கள் கொத்து ரொட்டியை நினைத்துக் கொத்துப் பரோட்டா கேட்டு ஏமாறுவதைப் பார்க்கிறேன். இரண்டும் வேறு உணவு. அங்கே ரொட்டியைக் கீற்றாக வெட்டி, லீக்ஸும் காரட்டும் சேர்த்து உதிரியாகக் கொத்துவார்கள். இங்கே பரோட்டாவை முட்டையும் வெங்காயமும் சால்னாவும் ஊற்றிக் குழையக் கொத்துவார்கள். உதிரியாக வேண்டுமென்றால் "சால்னா குறைத்துப் போடுங்கள் மாஸ்டர்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கறிதோசைக்குச் சிம்மக்கல் கோனார் கடை. கனத்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மசாலாவில் வெந்த ஆட்டுக்கறி, பிறகு திருப்பிப் போட்டு மீண்டும் ஒரு வேக்காடு. ஒன்றைச் சாப்பிட்டாலே வயிறு நிறையும். இருவராகப் போய் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு, கூட ஒரு சாதாரணத் தோசை வாங்குங்கள். நள்ளிரவில் ரயிலோ பஸ்ஸோ விட்டு இறங்கினாலும் பசியோடு படுக்க வேண்டாம். மாட்டுத்தாவணி, பெரியார் நிலையம் பக்கங்களில் எந்நேரமும் இட்லி ஆவி பறந்துகொண்டிருக்கும்.

காபி, பேக்கரி

காபிக்குக் கோரிப்பாளையம் விசாலம் காபி. நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர வேண்டிய இடம்தான், ஆனால் டிகாக்ஷன் டிகாக்ஷனாக இருக்கும். கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் குளிர்சாதன வசதியோடு புதிய கஃபேக்கள் வந்திருக்கின்றன. மடிக்கணினியை வைத்து இரண்டு மணி நேரம் வேலை பார்க்க அவை உதவும். காபிக்காக அங்கே போக மாட்டேன்.

பேக்கரி என்றால் இங்கே பெரும்பாலும் டீக்கடையும் சேர்ந்ததே. தேங்காய் பன், பட்டர் பன், முட்டை பப்ஸ் மூன்றும் மாலை நாலு மணிச் சூட்டில் அருமையாக இருக்கும். பிரெட் மட்டும் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஒத்துவராது, இனிப்பு தூக்கலாக இருக்கும். இனிப்பில்லாத பிரெட் வேண்டுமென்று கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் இட்லிக்கு மாறிவிடுங்கள்.

வீட்டுக்கு வாங்குவது

உங்கள் தெரு அண்ணாச்சி கடையோடு முதல் வாரமே பழகிவிடுங்கள். பால் பாக்கெட், தயிர், முட்டை, அவசரத்துக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை எல்லாம் அங்கேதான். ஆவின் பாலில் நீலம் கொழுப்பு குறைந்தது, ஆரஞ்சு கெட்டியானது; காபிக்கு ஆரஞ்சு. சின்னக் கடைகளில் வெளிநாட்டு வங்கி அட்டை செல்லாது. கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் வசதி கிடைக்கும்வரை பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் விற்கும் இட்லி மாவை மாலையில் வாங்கிவந்து இரவு முழுக்க வெளியே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அப்படி வைக்காதீர்கள், நள்ளிரவிலேயே புளித்துவிடும்.

காய்கறிக்கு அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான்; 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது. விளைவித்தவரே விற்கிறார், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். பேரம் பேசும் சங்கடம் இல்லாததால் புதியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏழு மணிக்குள் போங்கள். பத்து மணிக்குப் போனால் வாடல்தான் மிஞ்சும். பெரிய விசேஷத்துக்கு மொத்தமாக வாங்க மாட்டுத்தாவணி மார்க்கெட்.

மளிகையை மாதத்துக்கு ஒருமுறை கீழமாசி வீதியில் வாங்கினால் கையில் காசு மிஞ்சும். ராமநாதபுரம் முண்டு மிளகாய், கொடைக்கானல் மலைப்பூண்டு, உடன்குடிக் கருப்பட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பழக்கடையில் சிறுமலை வாழைப்பழம் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். சிறிய பழம், தோல் கறுத்திருக்கும், சுவைக்கு ஈடில்லை. இலங்கை முறைத் தூள் வேண்டுமென்றால் மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு எல்லாவற்றையும் வீட்டில் கறுக்க வறுத்து எடுத்துக்கொண்டு தெரு மாவு மில்லுக்குப் போங்கள். உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தேங்காய்ப்பாலை டின்னில் வாங்க வேண்டாம், நல்ல தேங்காய் மூலைக்கு மூலை கிடைக்கிறது. ரம்பை (பாண்டன்) இலையும் பெலாச்சான் என்னும் மலேசிய இறால் விழுதும் இங்கே எளிதில் அகப்படா. ஊரிலிருந்து வரும்போதே கொண்டுவாருங்கள்.

ஆட்டுக்கறி ஞாயிறு காலை ஏழு மணிக்குள். அன்று வெட்டி அன்று விற்கும் கடையில் ஆட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். எந்தப் பாகம் வேண்டுமென்று சொல்லி வெட்டச் சொல்லலாம். புரட்டாசியில் பாதி ஊர் கறி சாப்பிடாது என்பதால் வரிசை இருக்காது, விலையும் இறங்கும்.

சித்திரைத் திருவிழாவின்போது மாசி வீதிகளில் வண்டி போகாது. அந்த நாட்களுக்கான மளிகையை முன்பே எடுத்து வையுங்கள். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் நடக்கும் விருந்துக்கு நீங்களும் போகலாம், யாரும் யாரென்று கேட்க மாட்டார்கள். மனமிருந்தால் மொய் எழுதிவிட்டு வரலாம். தீபாவளிக்கு மட்டும் உஷாராக இருங்கள். மாஸ்டர்களும் பரிமாறுகிறவர்களும் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் பல மெஸ்கள் மறுநாளிலிருந்து சில தினம் திறக்காது. அந்த வாரத்துக்கு அரிசி, பருப்பு, மாவு வாங்கி வைத்துவிட்டு, உங்கள் தெரு இட்லி அக்காவிடம் எப்போது மறுபடி அடுப்பு பற்ற வைப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.