பழைய காலத்து ஆண் உடை தைக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நாடக உடை தைக்கக் கற்றுக்கொள்ள வந்த பையன் பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயியின் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ராஜா பொம்பள மாதிரி நிக்கிறாரு" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னேன். தப்பாக அளவெடுப்பது, பழைய கோட்டில் ஜிப் வைப்பதெல்லாம் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள், அதை விடுங்கள்.

கால்களை மறைப்பது

ஓவியர் ரிகோ 1701-இல் வரைந்த படம் அது. அறுபதைத் தாண்டிய ராஜா, அங்கியை ஒதுக்கிவிட்டு, வெள்ளைப் பட்டுக் காலுறையும் சிவப்புக் குதிகால் செருப்புமாகக் காலைத்தான் முன்னால் நீட்டுகிறார். அப்போது பெண்களின் கால் தரையைத் தொடும் பாவாடைக்குள் இருந்தது, காலைக் காட்டிக்கொள்வது ஆணின் பெருமை. குதிரையேற்றம், வாள் பயிற்சி, நடனம் மூன்றும் கெண்டைக்காலில் தெரிந்துவிடும். லூயியே 1653-இல், 14 வயதில், சூரியனாக வேடமிட்டு ஆடியவர். உயர்ந்த குதிகால்கூட, சேணத்தில் தொங்கும் அங்கவடியில் கால் நழுவாமல் நின்று அம்பு விடப் பாரசீகக் குதிரை வீரர்கள் போட்டதிலிருந்து ஐரோப்பிய ஆண்களுக்கு வந்ததுதான்.

இதெல்லாம் தெரியாமல், என் முதல் நாடகத்தில் கூச்சப்பட்டு கோட்டை முழங்காலுக்குக் கீழே இறக்கி, காலுறையைத் தொளதொளவென்று விட்டு, நடிகரை வேறு கொஞ்சம் நெளிந்து நடங்கள் என்றேன். மூன்று வாரத் தையல், கடனுக்கு எடுத்த பட்டு. ராஜா மரண தண்டனையில் கையெழுத்துப் போடும்போது பின்வரிசையில் விசிலடித்தார்கள்.

அந்தப் பையனைக் குதிகால் செருப்பு போட்டு மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னேன். மூன்றாவது தடவை தோள் தானாக நிமிர்ந்தது.

எல்லாவற்றையும் பிரம்மெல் தலையில் கட்டுவது

பிரம்மெல் 1800 வாக்கில் லண்டனில் உடை நேர்த்திக்குப் பேர்போனவர். கறுப்பு கோட்டுக்கும் அடக்கமான ஆண் உடைக்கும் அவர் ஒருவரே காரணம் என்பார்கள். ஆனால் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் 1666-இலேயே பிரெஞ்சுப் பகட்டை விட்டு, கோட்டுக்கு உள்ளே போடும் வெஸ்ட் என்ற மேலாடையைப் போடப்போவதாக அறிவித்தார். அப்புறம் 1789 பிரெஞ்சுப் புரட்சி வந்து, முழங்காலோடு நிற்கும் பட்டுக் கால்சட்டையைப் பிரபுக்களின் அடையாளமாக்கிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு பாரிஸ் தெருவில் போவதே வம்பு.

இளஞ்சிவப்பைப் பார்த்துப் பயப்படுவது

18-ஆம் நூற்றாண்டு ஆண் கோட்டில் அது சாதாரணம். தையுங்கள்.

விக்கைக் கடைசியில் வாங்குவது

முதலில் வாங்குங்கள். அது தோளில் விழுந்துவிட்டால் கழுத்தின் பின்பக்கம் நீங்கள் செய்த வேலைப்பாடு ஒருத்தர் கண்ணிலும் படாது.