அம்மா தூக்கம் கெடாமல் விளையாட ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டில் கூடம்தான் படுக்கிற இடமும். இரவு பத்து மணிக்கு மேல் நான் விளையாட உட்கார்ந்தால், நாலடி தள்ளி அம்மா பாயில் படுத்திருப்பார். பழைய கம்ப்யூட்டரின் இரைச்சலில் வயல் தவளைச் சத்தம்கூடக் காதில் விழாது. "அந்த எரைச்சல நிப்பாட்டிட்டுப் படுப்பா" என்று தினமும் சொல்வார். அதனால்தான் புதிதாகக் கட்டும்போது வேகத்தைவிட அமைதியை முதலில் யோசித்தேன்.

சத்தம் என்பது பெரும்பாலும் விசிறிதான். உள்ளே சூடு ஏறினால் விசிறி வேகமாகச் சுற்றும், வேகம் கூடினால் இரைச்சல். வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே சூடு குறைவான பாகங்கள், மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் பாகங்கள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்கு ரைசன் 5 5600 போதும். 6 கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் ஆறு பகுதிகள். 65 வாட்தான், வாட் குறைந்தால் சூடும் குறைவு. திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டுக்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட். 1080பி (1920x1080 புள்ளிகள்) திரைக்கு இது நிறைவான கார்டு, பட்ஜெட்டில் பெரும்பங்கு இதற்கே போகட்டும். இரட்டை விசிறி உள்ளதாக வாங்குங்கள். வேலை இல்லாதபோது விசிறி தானாக நின்றுவிடும் மாடல்கள் நிறைய உண்டு. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையாக ஒரு பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, சேமிப்புக்குச் சுழலும் பாகமே இல்லாத ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம், அதன் உறுமல் மேஜை வழியாகக் கைக்கே தெரியும்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இந்த செட் முழு வேகத்தில் ஓடினாலும் 300 வாட்டைத் தொடுவது அபூர்வம். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான தரச்சான்று) வாங்கினால் பாதிச் சுமையில் ஓடும், விசிறியும் மெதுவாகச் சுற்றும். கேபினட்டோடு, அதாவது எல்லாப் பாகமும் அடங்கும் பெட்டியோடு, இலவசமாக வந்த ஒன்றை முன்பு நம்பி, ஆறே மாதத்தில் மதர்போர்டையும் சேர்த்து இழந்தேன்.

கேபினட் வாங்கும்போது முன்பக்கம் கண்ணாடியா, சல்லடையா என்று பாருங்கள். கண்ணாடி அழகுதான், ஆனால் காற்று உள்ளே போக வழியில்லை. விசிறிகள் மூச்சு முட்டிக் கத்தும். முன்பக்கம் சல்லடை, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை. நமக்கு இது ரொம்ப முக்கியம். தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின் இறங்கினால் ஊரே தூசியாகிவிடுகிறது. பழைய கம்ப்யூட்டரைத் திறந்தபோது, பிராசஸரின் சூட்டை இறக்கும் கூலரின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம், அதில் ஒரு வைக்கோல் துரும்பு. காற்றுப் போக வழியே இல்லை. சித்திரையில் அது ஏன் அப்படிக் கத்தியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, மாட்டுவோம். மேஜை மேல் துணியில்லாத இடமாகப் பாருங்கள். இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டி மேல் வையுங்கள். பிராசஸர் சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி, பிராசஸர் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அப்படியே விடுங்கள். தன் எடையிலேயே உட்காரும். அழுத்தினால் அடியில் உள்ள ஊசிகள் வளைந்துவிடும். நெம்புகோலை இறக்குங்கள்.

ரேமை பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் வைத்து, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். இங்கே மட்டும் கொஞ்சம் பலம் வேண்டும்.

பிராசஸர் பெட்டியோடு வரும் கூலரின் விசிறி சின்னது. வெயில் நாளில் கீச்சென்று கத்தும். 120 மில்லிமீட்டர் விசிறியுள்ள டவர் கூலர் ஒன்று தனியாக வாங்குங்கள். பிராசஸர் நடுவில் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, கூலரை இறக்கி, எதிரெதிர் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

பிறகு மதர்போர்டைக் கேபினட்டில் வைத்து, முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்கும்படியும், பின்னால் ஒன்று வெளியே தள்ளும்படியும் மாட்டுங்கள். உள்ளே வருவது அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது, வலை வழியாகத்தான் வந்தாக வேண்டும். கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை எல்லாம் மாட்டி முடித்ததும் மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகிவிட்டுத் திரை வரவில்லையே என்று பலர் பயந்துபோகிறார்கள். இந்தப் பிராசஸரில் திரைக்கான கிராபிக்ஸ் கிடையாது.

இயக்கியதும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குப் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். அங்கேயே விசிறி வேகத்தையும் அமையுங்கள்: பிராசஸர் சூடு 60 டிகிரி வரை 40 சதவீதம், 75 டிகிரியில் 60 சதவீதம், அதற்கு மேல்தான் முழு வேகம். இந்தப் பிராசஸரின் உச்ச வரம்பு 90 டிகிரி. நம் கோடையில் அறையின் சூடு பத்து டிகிரி ஏறினால் உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவே ஏறும், அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

அப்புறம், காசே செலவில்லாத வழி ஒன்று: பிரேம் வரம்பு. பிரேம் என்றால் கார்டு வரையும் ஒவ்வொரு படம். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம் காட்டுவது என்றால் 60 பிரேமுக்கு மேல் வரைவதெல்லாம் வெறும் சூடு. ரேடியான் மென்பொருளில் 60 என்று வரம்பு வைத்ததும், என் கார்டின் விசிறிச் சத்தம் கூடத்து மின்விசிறியின் சத்தத்தில் அடங்கிப்போனது. அம்மா திரும்பிக்கூடப் படுக்கவில்லை.

மின்சாரத்தையும் கவனியுங்கள். கேபினட்டைத் தொட்டால் கை சுர்ரென்றால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே ஓட்டுங்கள். 1000 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால், மின்சாரம் போனாலும் சேமித்துவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும்.

கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலி மேல் வையுங்கள். தூசி வலையை மாதம் ஒரு முறை, அறுவடை நாட்களில் வாரம் ஒரு முறை தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். உள்ளே புளோவரால் ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் தேய்ந்து, பிறகு அந்த விசிறியே சத்தம் போட ஆரம்பித்துவிடும்.